மழைக்கோட்டு செய்த வேலை

பாட்டில் கழுவுகிற பெண்ணின் விரலை ஒருநாள் உடைந்த குடுவை பதம் பார்த்துவிட்டது. அன்று பரிசோதனைக் கூடத்துப் பாட்டில்கள் அத்தனையையும் டப்பா அக்காதான் கழுவினார். பதிவேட்டில் ‘கழுவியவர்’ என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டார்.

மண்ணிலும் கீரையிலும் தொழிற்சாலை ரசாயனம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. எந்நேரமும் கையில் மாதிரி டப்பா. அதனால்தான் அந்தப் பெயர்.

ஒரு மழைநாளில் கழுவுகிறவளின் தங்கை வைத்திருந்த கீரைத் தோட்டத்துக்கே டப்பாவோடு போனார். தண்ணீர் ஒட்டாத துணி செய்யும் தொழிற்சாலை அதன் முதுகிலேயே இருந்தது. விஷம் என்று வந்தால் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள். தங்கைக்கு வேறு பிழைப்பில்லை. இவள் ஒவ்வொரு பாட்டிலைக் கழுவும்போதும் ஆண்டவனைக் கூப்பிட்டாள்.

முடிவு வந்தது. ஆறு பாத்தியிலும் விஷம். அக்காவோ காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

“என்னக்கா சிரிக்கிறீங்க? என் தங்கச்சி பொழைப்பே போகுது.”

“தண்ணியைப் பாரும்மா. சரிபார்க்கன்னு ஒரு பாட்டில் சுத்தத் தண்ணி இங்கேருந்து கொண்டுபோய்த் தோட்டத்துல தொறந்து வச்சேன்ல? அதுலயும் விஷமாம். நம்ம தண்ணி எப்ப போய் அந்தப் பாத்தியில புரண்டுச்சு?”

ஆணியில் அக்காவின் புது மழைக்கோட்டு தொங்கியது. அந்தத் தொழிற்சாலைத் துணிக்குப் பூசுகிற அதே ரசாயனம் பூசியது; ஒரு சொட்டு நீர் ஒட்டாது. எந்த ரசாயனத்தைத் தேடிப் போனாரோ, அதையே மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். கோட்டிலிருந்து வழிந்த மழை எல்லா டப்பாவிலும், அந்தச் சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலிலும் சொட்டியிருக்கிறது.

“திருடனைத் தேடுறேன்னு அவனையே முதுகுல தூக்கிட்டுப் போயிருக்கேன் பாரு.”

மறுநாளும் மழை. பழைய பருத்திப் புடவையில், கோட்டும் குடையும் இல்லாமல், இருவரும் தொப்பலாக நனைந்துகொண்டு மண் எடுத்தார்கள்.

“ஏன், உங்க ஆபீஸ்ல குளிக்க எடமில்லையா?” என்றார் தங்கை வீட்டுக்காரர், கீரைத் தண்டை மென்றபடி.

சிரித்த சிரிப்பில் அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை ஐந்து பாத்தி சுத்தம். கால்வாய் ஓரப் பாத்தி மட்டும் நிஜமாகவே கெட்டிருந்தது. அக்கா அதை மறைக்காமல் எழுதினார். அந்த ஓரத்தை மட்டும் வேலி போட்டு அடைத்தார்கள்; தோட்டம் பிழைத்தது. ஆண்டவனுக்கு நன்றி சொல்லக் கண்ணை மூடியவள், மழைக்கோட்டு நினைவுக்கு வந்து பாதியில் சிரித்துவிட்டாள். அவன் மன்னித்திருப்பான்.

வருடக் கடைசியில் அக்காவுக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிடப் போனதுதான் இவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி அக்கா சொன்னார்:

“தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட கண்டிச்சுச் சொல்லிடு. ஓரப் பாத்தியில தானா முளைச்சாலும் பறிச்சுத் திங்கக் கூடாது. மத்த அஞ்சுலயும் ஆடு மாதிரி மேயட்டும்.”