நாற்பதாம் நாள் கோதுமை

கிரேக்க நாட்டிலுள்ள எங்கள் அமோர்கோஸ் தீவுக்குப் பண்பாட்டை ரசிக்க வருகிறவர்களுக்கு ஹோட்டல் ஆகாது. ஊர்க்காரர்கள் வாழ்ந்த வீடுதான் வேண்டும். என் பக்கத்து வீட்டுக் கல்லிரோயி கோடைக்கு வீட்டை வாடகைக்கு விட்டு, கணவனோடு பின்னாலிருந்த ஆட்டுக் கொட்டகையில் தங்கினாள். அங்கேயே அவர் இறந்தார்.

"இன்னைக்கு ஒருநாள் அவங்களை வெளிய போகச் சொல்லுடி. உள்ள கிடத்தலாம்," என்று கத்தினேன்.

"வேணாம்டி. போட்டோ எடுப்பாங்க."

நாற்பதாம் நாள், இறந்தவருக்காக அவித்த கோதுமையில் சர்க்கரையும் திராட்சையும் கலந்து தெருவெல்லாம் கொடுத்தாள். எந்த வாசலையும் விடக்கூடாதென்று தன் வீட்டுக் கதவையும் தட்டினாள். அங்கே தங்கியிருந்த பெண் ருசித்துவிட்டு, "பிரமாதம்! தினமும் காலையில இது கிடைக்குமா?" என்றாள்.

"இந்த வீட்டுல இன்னும் ஒரு தடவை கிடைக்கும்மா," என்றாள் கல்லிரோயி. "ஆனா செய்யறதுக்கு நான் இருக்க மாட்டேன்."