அரண்மனைத் தாயக்கட்டை

ஆறாம் வகுப்பில் நான் ஒரு பொருளைத் திருடினேன். பழியை என்னோடு படித்த மயில்சாமி சுமந்தான். இன்று நினைத்தாலும் கால்சட்டைப் பைக்குள் தொடையில் ஒட்டிக் கிடந்த அந்தப் பித்தளையின் குளிர்ச்சி தெரிகிறது.

பல்லடத்திலிருந்து பழைய அரண்மனைகளைப் பார்க்க எங்களை "எஸ்கர்சன்" கூட்டிப்போன நாள் அது. புளிச்சோற்று வாசனையும் பாட்டுமாகப் பேருந்து குலுங்கியது. தாராபுரத்துக்கு அப்பால் அந்தக் காலக் கொங்குத் தலைவரான ஒரு பட்டக்காரரின் அரண்மனைக் கூடத்தில், தரைக்கல்லில் வெட்டிய தாயக்கட்டமும் இரண்டு பித்தளைக் கட்டைகளும் இருந்தன.

"தாயம் விழுகாம, பட்டக்காரரே வந்தாலும் காய் உள்ள எறங்காதுங்க, கண்ணுகளா" என்று சிரித்தார் காவல்காரர்.

ஆளாளுக்கு உருட்டினோம். எனக்கு மூன்று முறையும் விழவில்லை. கடைசியில் வந்த மயில்சாமிக்கு எடுத்த எடுப்பில் விழுந்தது. எல்லோரும் யானைத் தந்தம் பார்க்க நகர்ந்தபோது, பொறாமையில் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டேன்.

கட்டை காணவில்லை என்று தெரிந்ததும், கடைசியாக உருட்டியவன் என்பதால் மயில்சாமியின் பையைத்தான் வாத்தியார் துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும், "இவன் முழியே செரியில்ல" என்று அவனைப் பேருந்திலேயே உட்காரவைத்தார். நாங்கள் குதிரை லாயம், கிணற்றுப் படிகள், மதில் என்று கூச்சலிட்டு ஓடினோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் மகிழ்ந்துதான் ஓடினேன். அதன்பின் எந்த எஸ்கர்சனுக்கும் அவன் பேர் கொடுக்கவில்லை.

சென்ற மாதம், கோவையிலிருந்து அரண்மனைகளைச் சுற்றிக்காட்டும் ஒருநாள் பயணத்தில் அவனுக்கும் சேர்த்து இடம் பிடித்தேன். பேருந்தில் யாரும் பாடவில்லை. அதே அரண்மனையில், லாயம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்தினார்கள். தந்தம் இல்லை. கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைக் கட்டை.

"இதோட ஜோடி காணாமப் போயிருச்சுங்க" என்றார் வழிகாட்டிப் பெண்.

"நான்தானுங்க எடுத்தேன்" என்று பையிலிருந்த கட்டையை அவரிடம் நீட்டிவிட்டுத் திரும்பினேன். "மயிலு, மன்னிச்சிருடா."

அவன் கல்லருகே உட்கார்ந்தான். "மன்னிப்பா? மொதல்ல தாயம் விழுகட்டும். அம்மணி, அந்த ரெண்டையும் இப்படிக் குடுங்க."

அவர் பெட்டியைத் திறந்து ஜோடியாகவே கொடுத்தார். இரண்டு விழுந்தது. ஐந்து விழுந்தது. பன்னிரண்டு விழுந்தது. வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார், யாரும் நகரவில்லை. இன்னொருவனுக்குத் தாயம் விழவேண்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன்.

ஏழாவது உருட்டலில் விழுந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல். மயில்சாமி கட்டைகளை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"இந்தா, உன்ற முறை. உருட்டிப்போட்டு அங்கயே வெச்சிரு. மறுபடி பையில போட்டுக்காத."