என் நிலமா பள்ளம்?

மல்லிகா சொன்ன எச்சரிக்கையை மினிட்ஸ் புத்தகத்தில் நான் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை.

இதைச் சொல்லும்போதும் என் தலை குனியவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாகூர்ப் பக்கத்து விவசாயிகளைத் திரட்டி ஒரு கம்பெனியை உண்டாக்கியவன் நான். அதன் சேர்மன் நான். விதைநெல் குடோனுக்கு ஏரியோரத்துப் பூர்வீக நிலத்தை இனாமாகக் கொடுத்தவனும் நான்தான். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

எங்கள் போர்டு கூட்டத்தில் கடைசி அஜெண்டா, பருவநிலை ஆபத்து. மழையாலும் வறட்சியாலும் கம்பெனிக்கு என்ன வரும் என்று இயக்குநர்கள் ஆராய வேண்டும். அது போண்டா வரும் நேரம். ‘ஆபத்து ஏதுமில்லை’ என்று நான் எழுதுவேன். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அன்று, குடோன் பொறுப்பிலிருந்த இயக்குநர் சேலியமேட்டு மல்லிகா மட்டும் பேசினாள்.

“அண்ணே, இப்பல்லாம் மழை ஒரே நாள்ல கொட்டித் தீத்துடுது. உங்க நெலம் பள்ளம். வெதைய மேட்டுக்கு மாத்தணும். எழுதிக்கோங்க.”

பள்ளமா? என் பாட்டன் நிலமா பள்ளம்? எனக்குச் சுருக்கென்றது. “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வழக்கமான வரியையே எழுதினேன். அவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டாள்... என்னை நம்பித்தான்.

ஐப்பசி மழையில் குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். உறுப்பினர்கள் நம்பிக் கொடுத்து வைத்திருந்த விதை மூட்டைகள் எல்லாம் நாசம்! “பொறுப்புல இருந்தவ இன்னா பண்ணிக்கினு இருந்தா?” என்று உறுப்பினர்கள் மல்லிகாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நான் அப்பவே சொன்னேன். மினிட்ஸ எடுத்துப் படிங்கண்ணே.”

படித்தேன். ஆபத்து ஏதுமில்லை... கீழே அவள் கையெழுத்து. மற்ற இயக்குநர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை. மறுநாள் அவளுடைய ராஜினாமா வந்தது.

இன்று எங்கள் முதல் அஜெண்டாவே பருவநிலைதான். குடோன் மேட்டுக்குப் போய்விட்டது. வெள்ளம் தாங்கும் நெல்விதை விற்கிறோம். வில்லியனூரிலிருந்தும் வந்து வாங்குகிறார்கள். எல்லாம் சேர்மன் யோசனை என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சொன்னால் என்ன, பெருமையாகத்தான் இருக்கிறது!

போன பொதுக்கூட்டத்துக்குச் சாதாரண உறுப்பினராக வந்த மல்லிகாவை வாசலில் பார்த்தேன். “திரும்ப போர்டுக்கு வாம்மா” என்றேன்.

“வேணாண்ணே. ஜனங்க என்ன நம்பி வெதைய குடுக்க மாட்டாங்க.”

உண்மை தெரிந்தால் கொடுப்பார்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்... சற்று நேரத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, மைக்கையும் கொடுத்தார்கள். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். நான் எல்லோருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.