மூன்று நாள் கட்டுச்சோறு

யார் வீட்டுக்குப் போனாலும் பைடம்மா ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள். வாசலில் மேயும் கோழிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாகாவளி ஆற்றங்கரையில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான். கூச்சம் என்றார்கள். அது பாதிதான் உண்மை. கால் உறுதியாக இருக்கும் கோழி எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அப்படிப்பட்டவள்தான் இடியும் மழையுமான ஓர் ஆஷாட மாதத்தில் தவறு செய்தாள்.

பன்னிரண்டு முட்டை அடைவைத்து, இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்க உமிக்குள் ஓர் இரும்பு ஆணியும் செருகியிருந்தாள். ஏழு பொரிந்தன. தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. மிச்சத்தை வீசப்போனபோது ஒரு முட்டைக்குள் சத்தம் கேட்டது. காதோடு வைத்துப் பார்த்தாள். யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுவதுபோல இருந்தது.

கூடையைக் கவிழ்த்து, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். புதிதாகப் போட்ட டைல்ஸ் அழுக்காகக் கூடாதே என்று அடியில் பிளெக்ஸ் பேனரை விரித்து, அதன் மேல் முட்டையை வைத்தாள். நாத்தனார் மகளுக்குத் தாவணி போட்ட ஓணி விழாவுக்கு, அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டு அடித்த பேனர் அது. விழா முடிந்த பேனர் அந்த ஊரில் வைக்கோல் மூடவும் மிளகாய் காயவைக்கவும் ஆகும். இதற்கும் ஆகும் என்று நினைத்துவிட்டாள்.

காலையில் குஞ்சு வெளியே வந்திருந்தது. ஆனால் இரண்டு கால்களும் இரண்டு பக்கமும் விரிந்து, வயிறு தரையில் ஒட்டிக் கிடந்தது. எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் நகம் பிடிமானமில்லாமல் வழுக்கியது.

கணவன் சிம்மாசலம் குனிந்து பார்த்தான். "பொறக்கும்போதே தவளையா பொறந்திருக்குடி."

"தவளையா ஆக்கினது நான்தான்," என்றாள் பைடம்மா.

நாத்தனார் அச்சியம்மாவும் வந்து பார்த்தாள். அண்ணி, நாத்தனார் இருவரும் ஒருவரையொருவர் வதினா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "எம் பொண்ணு மூஞ்சி மேல விட்டா வழுக்காம என்ன செய்யும் வதினா? அன்னைக்கு அவ பூசின பவுடர் கொஞ்சமா?"

"சும்மா இரு வதினா."

"சரி, ஆத்தோரமா விட்டுட்டு வா. காக்கா பார்த்துக்கும். மூணு நாள் தாண்டாது இது."

மூன்று நாள் என்பது பைடம்மாவுக்கும் தெரியும். முட்டையோட்டை விட்டு வருமுன் மஞ்சள்கரு முழுவதையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வரும். அது தீரும்வரை இரை தேவையில்லை. தீர்ந்த பிறகு, எழுந்து நின்று கொத்தினால்தான் உயிர்.

பழைய சேலையில் மெல்லிய நாடா கிழித்து, இரு கால்களுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டினாள். துணி திணித்த டீ கிளாஸுக்குள் கால்கள் கீழே தொங்க உட்காரவைத்தாள். அரைமணி கழித்து எடுத்துச் சாக்கின் மேல் விட்டாள். பிறகு மறுபடி கிளாஸ். விரலில் நீர் தொட்டு அலகோரம் வைத்தாள்.

உள்ளங்கையில் எடுக்கும்போதெல்லாம் அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். எண்ணமுடியாத வேகத்தில் ஓடும் இதயம். மெல்லிய மயிருக்கு அடியில் புடைத்திருந்த வயிறு, நேற்றைவிட இன்று கொஞ்சம் வற்றியிருந்தது. அலகு நுனியில் ஓட்டை உடைக்க ஒரு வெள்ளைப் பல், உளுந்தில் பாதிகூட இல்லை. வழிக்குச் சோறும் கதவைத் திறக்கக் கருவியும் கட்டிக்கொடுத்து இத்தனை சின்ன உயிரை யார் அனுப்பிவைத்தது? நிற்க ஓர் இடம் மட்டும்தான் அவள் தரவேண்டியிருந்தது. அதைத்தான் அவள் தவறவிட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை நாடாவை அவிழ்த்தாள். குஞ்சு சாக்கின் மேல் ஆடியது, விழுந்தது, எழுந்தது. அவள் நொய்யரிசியைத் தூவி நகத்தால் தட்டினாள். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒன்றைக் கொத்தித் தவறவிட்டது. அடுத்தது உள்ளே போனது.

"நிக்குதுடி," என்றான் சிம்மாசலம், தன் மூச்சுக்காற்று பட்டு விழுந்துவிடுமோ என்பதுபோல அடங்கிய குரலில்.

அச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தோரம் விடுன்னேனே வதினா நான்."

அந்தி மங்கியதும் தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் அதைச் செருகினாள். கோழி ஒருமுறை முனகியது. பிறகு உடம்பைத் தளர்த்தி எட்டையும் மூடிக்கொண்டது.

அந்தக் குஞ்சுக்கு இப்போது இரண்டு வயது. இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பித்தான் இருக்கிறது. ஆனாலும் முருங்கை மரமேறித் தூங்கும். இந்த வாரம் மட்டும் ஏறவில்லை, ஒன்பது முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.