மஞ்சளுக்கு மேல் சிவப்பு

காட்டுப்பாக்கத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை ஷவுகத் அலியுடையது. கார் சீட்டுக்கு உறை தைப்பவர், வயது அறுபத்திரண்டு. தையல் அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் "நல்லா தச்சிருக்கீங்க பாய்" என்று சொல்லிவிட்டால், "இன்னொரு தபா பாத்துக்கோ, எங்கனா உட்டிருப்பேன்" என்பார். தன் கையைத் தானே நம்பாத தையல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

காரணம் போன வருஷம்தான் தெரிந்தது. ஆவடியிலிருந்து வசந்தா என்ற அம்மாள் ஆட்டோவில் வந்து, போர்வையில் சுற்றிய ஒரு விமானத்தை இறக்கினார். ரிமோட்டில் பறக்கும் வகை. இறக்கை மட்டும் ஐந்தடி. நீலப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"அண்ணே, அவருக்கு அடுத்த மாசம் எழுபது முடியுது. மொத மொதல்ல எப்டி இருந்துச்சோ அப்டியே பண்ணிக் குடுங்க. உங்கள உட்டா யாருக்குத் தெரியும்?"

'அவர்' என்றால் கஜபதி, வசந்தாவின் கணவர். மாதம் ஒருமுறையாவது ஷவுகத் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற பழைய சிநேகிதர். 1992இல் இருவரும் சேர்ந்து செய்த விமானம் அது. மரவேலையும் எஞ்சினும் கஜபதி. அந்தச் சட்டத்தின் மேல் பட்டுத்துணி போர்த்தி, டோப் என்ற பூச்சை அடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்து நிறுத்தியது ஷவுகத். மஞ்சள் வண்ணம். மூக்குக்குப் பின்னால் மரப்பலகையில் 'கஜபதி – ஷவுகத்' என்று சின்ன எழுத்தில் பெயர்கள்.

மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷவுகத் வெள்ளானூர் வெட்டவெளிக்குத் தாமதமாகப் போனார். விமானம் ஏற்கனவே மேலே இருந்தது. கஜபதி ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். இரண்டு சுற்று ஒழுங்காக வந்தது. மூன்றாவது சுற்றில் தலைகுப்புற இறங்கி மூக்கு இரண்டாகப் பிளந்தது. துண்டுகளைத் தொடக்கூட விடாமல் கஜபதியே பொறுக்கிக் கொண்டுபோனார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது நீல வண்ணத்தில் இருந்தது, 'கஜபதி' மட்டும் எழுதியிருந்தது.

ஷவுகத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடைத்தவன் பேர் எதற்கு என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து ரிமோட்டைத் தொட்டதில்லை; கஜபதி எதிரிலேயே "ஒடைச்ச கை இது" என்பார். உயிரையே வைத்திருந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டார்.

இதையெல்லாம் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நீலத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அவசரமே இல்லை. விரல்கடை அளவு தேய்ப்பார், துடைப்பார், அடியில் என்ன வண்ணம் என்று பார்ப்பார். நான்காம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வா. எது மேல எது கீதுன்னு நீ சொல்லு."

அடியில் மஞ்சள், அதில் இரண்டு பெயர்கள். ஷவுகத் என்ற பெயரின் மேல் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை. உடைந்த விரிசல் அந்தச் சிவப்பையும் சேர்த்தே கிழித்திருந்தது. விரிசலை அடைத்த பட்டி சிவப்புக்கு மேலே ஏறியிருந்தது. பார்த்ததை அப்படியே சொன்னேன்.

"அப்போ ஒடையறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கான்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

விமானம் விழுவதற்கு இரண்டு வாரம் முன்பு கஜபதி அதை எடுத்துக்கொண்டு பெங்களூரில் ஒரு போட்டிக்குத் தனியாகப் போய்க் கோப்பையோடு வந்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியே திருப்பி அனுப்புங்க பாய்" என்றேன். "மொத மொதல்ல இருந்தா மாதிரி கேட்டாங்க. அப்டியே குடுப்போம். அவன் இன்னா சொல்றான்னு பாக்கணும்" என்றார். புதுப் பட்டு போர்த்தினார், அதே மஞ்சளைக் கலந்தார், எழுத்துகளை நான் வெட்டிக் கொடுத்த அச்சில் எழுதினார். இரண்டு பெயர்கள்.

பிறந்தநாள் அன்று இறக்கையை நான் மடியில் வைத்துக்கொள்ள, ஆட்டோவில் ஆவடி போனோம். கூடம் நிறைய ஆட்கள். விமானத்தைப் பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். உறவுக்காரர் ஒருவர் குனிந்து படித்துவிட்டு, "யாருங்க ஷவுகத்?" என்று கேட்டார்.

கஜபதி பக்கத்தில் நின்ற ஷவுகத்தைப் பார்க்காமலே, "துணி தச்சவரு" என்றார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்த பிறகு ஷவுகத் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கஜா, நான் ஒடைக்கறதுக்கு முன்னாடியே என் பேர அழிச்சிட்டியா நீ?"

"போட்டில ஒருத்தர் பேருதான் ஒத்துக்குவாங்க. அதான் பட்டை அடிச்சேன்."

"அத ஏன்டா சொல்லல? நான் ஒடைச்சதாலன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கீறேன். அது உனக்குத் தெரியும்ல?"

"நீயா நெனச்சிகின. நான் சொன்னேனா?"

ஷவுகத் எழுந்து செருப்பைத் தேடினார். வசந்தா இலை போட்டாயிற்று என்று வாசல்வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இவர் திரும்பவில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றார்.

"பேரு போனா போவுது, தங்கச்சி" என்றார். "முப்பது வருசமா என் கைய நானே திட்டிகினு இருந்தேன். அவன் எதுர்லயே உக்காந்து கேட்டுகினு இருந்தான்."