ஓட்டை போட்ட குண்டுமணி

ரீனா டீச்சருக்குப் பயம் கூடவே பிறந்தது. பல்லி விழுந்தால் பயம், பலூன் வெடித்தால் பயம், பஸ் கொஞ்சம் வேகமெடுத்தால் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வாள். வடமதுரை சாலையோரம் ஒரு காலனியில் அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்த பிறகு, அந்தப் பயமெல்லாம் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டது. மணி, விதை, சாக்பீஸ், களிமண், எதுவானாலும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். திண்டுக்கல்காரிக்குப் பூட்டுக்கா பஞ்சம்?

"ஏன் டீச்சர், சாமானெல்லாம் புள்ளைக வெளயாடக் குடுத்தாகளா, பீரோ வெளயாடக் குடுத்தாகளா?" என்று உதவியாளர் சுப்புத்தாய் வாய்க்கு வந்தபடி கேலி பேசுவாள். ரீனா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் மேற்பார்வைக்கு வந்த அதிகாரியம்மா பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்த அந்த அம்மா, "இது அங்கன்வாடியா, பேங்க் லாக்கராம்மா? சாமான் பிள்ளைங்க கைக்கு எட்டணும். அதுங்களா எடுக்கணும், அதுங்களா திருப்பி வைக்கணும்" என்றார். அதோடு விட்டாரா? அடுத்து நடந்த கூட்டத்தில் பேர் சொல்லாமல் அதையே எடுத்துவிட, எல்லோரும் ரீனாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று அவள் சோறு தின்னவில்லை.

மறு வாரமே ஆரம்பித்துவிட்டாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிற மணிமாறன், தன் மகள் பரணி இங்கேதானே இருக்கிறாள் என்று காலித் தக்காளிப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். ரீனா சிலாம்பு போகத் தேய்த்து, பெயின்ட் அடித்து, சுவரோரம் பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு அடுக்கினாள். எழுத்துத் தெரியாத பிள்ளைகளாயிற்றே! பெட்டிக்குப் பெட்டி படம் ஒட்டினாள். கத்தரிக்கோல் இருக்கிற இடத்தில் கத்தரிக்கோல் மாதிரியே கோடு, கிண்ணம் இருக்கிற இடத்தில் வட்டம். பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சாமானை வைத்த அழகைப் பார்த்து சுப்புத்தாயே கேலியை நிறுத்தினாள்.

அந்த உற்சாகத்தில்தான் ரீனா அந்த வேலையையும் செய்தாள். அவள் பிறந்த வீட்டில் ஜெபமாலை கோத்து விற்பார்கள். பத்து மணி, ஓர் இடைவெளி, மறுபடி பத்து மணி என்று கோத்துக் கோத்துப் பழகிய விரல்கள். எண்ணப் பழக்க அந்த மாதிரிப் பத்துப் பத்தாய்க் கோத்த சரம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைக்கப் பறித்ததில் மீந்த குண்டுமணியை சுப்புத்தாய் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பும் கருப்புமாய் மினுமினுவென்று இருந்தது. ரீனா ஊசியை அடுப்பில் காய்ச்சி, ஒவ்வொரு விதையிலும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டை போட்டாள். சரம் சரமாகக் கோத்துப் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டாள்.

தொங்கவிடும்போது, எந்தப் பிள்ளையாவது அறுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்று ஒரு பயம் எழும்பத்தான் செய்தது. சுப்புத்தாயிடம் சொல்லலாமென்று வாயைத் திறந்தாள். கூட்டத்தில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்து, படுக்கப் போகுமுன் பிள்ளைகள் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அதனதன் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஓர் ஆணி மட்டும் வெறுமனே இருந்தது. மூலையில் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பரணியின் பக்கத்தில் அறுந்த நூல் கிடந்தது. கோத்த விதையில் பாதிகூட நூலில் இல்லை.

"மிச்சம் எங்கடா தங்கம்?"

"பாப்பாவுக்குக் காச்சல் டீச்சர். மாத்தர குடுத்தேன், அது முழுங்கல. அதான் நானே தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன்."

ரீனா பாய்ந்து பரணியின் வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. "குண்டுமணி வெசமாச்சே, ஆத்தாடி! நானே கொண்டாந்து குடுத்துட்டேனே!" என்று சுப்புத்தாய் தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறித்தாள். மற்ற பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, பரணியைத் தூக்கிக்கொண்டு ரீனா ஏறினாள். மணிமாறனுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். மாதாவே, மாதாவே என்று மட்டும் வழியெல்லாம் வாய் முணுமுணுத்தது. பரணியோ ஆட்டோவில் போகிற சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மணிமாறன் தலைப்பாகையோடு வந்து நின்றான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"மென்னுச்சா?"

"இல்ல டாக்டர். மாத்திர மாதிரி முழுங்குச்சாம்" என்றாள் ரீனா.

"அப்பப் பயப்படாதீங்க. அதோட ஓடு கல்லு மாதிரி. உடையாம இருந்தா உள்ள இருக்கற விஷம் வெளிய வராது, விதை அப்படியே போயிரும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி எடுத்தா மட்டும் கொண்டு வாங்க."

மணிமாறன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "நீங்க வேற டீச்சர், எம்புட்டுப் பயங்காட்டிப்புட்டீக!" என்று சிரித்தே விட்டான். மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

ரீனாவும் சிரிக்கப் பார்த்தாள். ஓடு உடையாமல் இருந்தால். அந்தச் சொல் அப்போதுதான் மண்டைக்குள் இறங்கியது. உடைப்பதென்ன, குத்தித் துளைத்தல்லவா வைத்திருக்கிறாள்! ஐயோ, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் வாசல் திறந்தல்லவா விட்டிருக்கிறாள்!

சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும், போலீஸ் வரும். இதோ சிரிக்கிற இந்த மனுஷன் மூட்டை தூக்குகிற கையால் ஓர் அறை விட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாமல் போனாலும் போகலாமே, டாக்டரே பயமில்லை என்கிறாரே என்று பாழும் மனது கெஞ்சியது. மணிமாறன் வாசலைத் தாண்டப் போனான். தோளுக்கு மேலே பரணி கையை ஆட்டி, "டாட்டா டீச்சர்" என்றாள்.

"அண்ணே, போகாதீங்க!" ரீனா கத்திய கத்தலில் ஆஸ்பத்திரியே திரும்பியது. "டாக்டர், ஓட்ட போட்டிருக்கு! ஊசியக் காச்சிக் குத்தியிருக்கேன். எல்லா வெதையிலயும். நாந்தான் குத்துனேன்!"

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "படுக்கையில போடுங்க. சீக்கிரம்!"

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். மூக்கில் குழாய், விஷத்தை உறிஞ்சக் குழாய் வழியே கரியைக் கரைத்த கருப்புத் தண்ணீர், கையில் ஊசி. பிள்ளை வீறிட்டது. மணிமாறன் ரீனாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றான். அடிக்கவில்லை. "எம்முன்னால நிக்காதீக" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்குப் போகச் சொல்லி நர்ஸ் சொல்லியும் அவள் போகவில்லை. வராந்தாக் கடைசியில் சுவரோடு சுவராக உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலையில் பரணிக்கு வாந்தி தொடங்கியது. உள்ளேயிருந்து ஒவ்வொரு ஓங்கரிப்பும் கேட்கக் கேட்க ரீனா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெபமாலையை எடுத்தாள், மணியைத் தொட்டதுமே பைக்குள் போட்டுவிட்டாள். வயிறும் போக ஆரம்பித்தபோது, இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தானும் இருக்கக் கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டாள். வாந்தி நின்று பிள்ளை இட்லி கேட்டது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் அவள் அங்கிருந்து எழுந்தாள்.

மேலிடத்தில் விசாரணை நடந்தது. எழுதிக் கொடுத்தாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேலை போகவில்லை. ஆனால் காலனியில் பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. பரணி இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று சுப்புத்தாய் அடித்துச் சொன்னாள்.

ஒரு திங்கள்கிழமை, மணிமாறன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ரீனா அவன் முன்னால் நிற்காமல் கதவோரம் ஒதுங்கினாள்.

"ஒங்களாலதான் எம்புள்ள படுத்துச்சு. அத நான் மறக்கப்போறதில்ல" என்றான். "ஆனா அன்னைக்கு வாசப்படி வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டேன். நீங்க கத்தலன்னா வீட்டுல போயித் தூங்கவச்சிருப்பேன். அப்புறம் எந்திரிச்சிருக்குமோ என்னமோ."

அவன் மகளின் கையை விட்டான். பரணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க பயந்துக்கிட்டே இருங்க டீச்சர்."

"சரிண்ணே" என்றாள் ரீனா.