மாமன் மடியும் ஐரிஷ் டீச்சரும்

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சிலம்பரசனுக்கு வாயை மூடவே தெரியாது. கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. அப்பேர்ப்பட்டவன் ஒரு வருஷமாகத் தங்கை சண்முகப்பிரியாவின் வீடியோ காலை எடுக்காமல், "ஷிஃப்ட்ல இருக்கேன்" என்று டிமிக்கி கொடுத்துவந்தான். தங்கை அயர்லாந்தில் நர்ஸ். அங்கேயே பிறந்த அவள் மகள் இசைப்பிரியா, "மாமா" என்ற ஒரு வார்த்தை போக மீதியை இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். இவன் பேந்தப் பேந்த விழிப்பான். அந்த வெட்கம்தான்.

இப்போது ஆறு வயதில் அவளுக்குக் காதுகுத்து, வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்தவேண்டும்? தோடு வாங்கிவிட்டான், பட்டுப்பாவாடையும் ஆயிற்று. ஆனால் குழந்தை பயந்து அலறினால் என்ன சொல்லித் தேற்றுவது? மடியை மட்டும் கொடுக்க ஒரு மாமன் எதற்கு? நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை வந்து இறங்கிய அன்று இவனுக்கு நைட் ஷிஃப்ட். மறுநாள் காலையில் வேலை முடிந்து குளித்துவிட்டு நேரே கோயிலுக்கு ஓடிவந்து குழந்தையை மடியில் வாங்கினான். பத்தர் ஊசியை எடுத்ததும் அவள் விறைத்துப்போனாள். பாவி மனுஷன், சுரங்க வாசல் போர்டில் படித்த இங்கிலீஷை எடுத்துவிட்டான்.

"நோ டேஞ்சர்! சேஃப்டி ஃபர்ஸ்ட்!"

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் மாமா இங்கிலீஷ்ல பேசறீங்க? தமிழ்ல சொல்லுங்க."

சிலம்பரசன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். சண்முகப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்க ஐரிஷ்னு அவங்க சொந்த பாஷை இருக்குண்ணா. சட்டத்துல அதுக்குத்தான் மொத எடம். ரோட்டு போர்டுல அது மேல, இங்கிலீஷ் கீழ. ஆனா முக்காவாசிப் பேரு இங்கிலீஷ்தான் பேசிக்கினு இருக்காங்க. இப்ப பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குப் பாடுபட்டு சொல்லித்தராங்க. இவ டீச்சர்தான் என்னைக் கூப்புட்டு, 'வூட்ட விட்டுப் போன பாஷையத் திரும்பக் கொண்டாறது எவ்ளோ கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும், நீங்க விட்றாதீங்க'ன்னாங்க. அன்னியிலேர்ந்து வூட்ல தமிழ்தான். சொல்லலாம்னா நீதான் போனே எடுக்கலியே!"

ஊசி இறங்கியது.

"ஐயோ மாமா, வலிக்குதே!" என்று கோயிலே கேட்க அலறினாள் இசைப்பிரியா.

"முடிஞ்சிடுச்சுடா தங்கம், மாமா இருக்கேன்ல, எஞ்சாமியில்ல, எங்கண்ணுல்ல..." ஒரு வருஷமாக அடைபட்டுக் கிடந்ததெல்லாம் கொட்டியது. அவள் தேம்பித் தேம்பி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனும் வெட்கமில்லாமல் அழுதான். அப்படியே சன்னிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"முருகா, அந்த டீச்சரம்மா புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். அவங்க பாஷையும் நல்லா இருக்கணும்."